டப்பாவில் வருமா தேகக்கட்டு?



சில வாரங்களுக்கு முன்பு ஒரு செம்பனைத் தோட்டத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோப்பி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டு அம்மா குசினிக்குள் போய்ப் பெரிய கறுப்பு டப்பா ஒன்றைத் தூக்கி வந்தார். மூன்று நாளைக்கு வேண்டிய அரிசியை அதற்குள் போட்டு வைக்கலாம், அவ்வளவு பெரியது. மேலே தசை புடைத்த ஒரு ஆளின் படம்.

“ஐயா, இது என்னா பவுடரு? பெரியவன் மாசாமாசம் வாங்கிட்டு வர்றான். சத்துப் பவுடருன்னு சொல்றான். நல்ல சாமானா இருக்குமேன்னு தாத்தாவுக்கும் தினம் ரெண்டு கரண்டி கலக்கிக் கொடுக்கிறேன். மனுஷன் ரொம்ப மெலிஞ்சி போயிட்டாரு” என்றார்.

தாத்தாவுக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, சாப்பாட்டில் அளவு பார்க்க வேண்டும் என்று அரசாங்க கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். அந்த டப்பாவில் இருப்பதோ புரதச்சத்து. சிறுநீரகம் கெட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாத சாமான். அம்மாவுக்கு அது தெரியாது. வாங்கி வந்த மகனுக்கும் தெரியாது. அன்போடு கொடுத்தார்கள், ஆனால் அன்பு மட்டும் சிறுநீரகத்தைக் காப்பாற்றாது.

மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாலையில் வேலை முடிந்து நேராகப் பட்டணத்து ஜிம்முக்குப் போனால் வீடு திரும்பப் பதினோரு மணி. காலை ஐந்து மணிக்கு மறுபடி எழுந்திருக்க வேண்டும். “ரெண்டு மணி நேரம் அடிச்சாத்தான் உடம்பு ஏறும். பவுடர் குடிக்காட்டி அடிச்சதெல்லாம் வீண்” என்று ஜிம்மில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தோழர்களே, நம் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்வது நல்ல காரியம். சாராயக் கடைப் பக்கம் நிற்பதைவிட ஜிம்மில் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். தோட்டத்தில் முன்பு சிலம்பமும் தண்டாலும் கர்லாக்கட்டையும் இருந்த இடத்தில் இன்றைக்கு ஜிம் வந்திருக்கிறது, வரட்டும். ஆனால் இரண்டு கேள்விகளுக்கு நாம் சரியான பதில் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி எவ்வளவு நேரம் செய்வது? பவுடர் வாங்கத்தான் வேண்டுமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

எவ்வளவு நேரம்?

ஜிம்மில் இரண்டு விதமான பேச்சு நடக்கும். ஒரு கூட்டம், “இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் பிரயோசனமில்லை” என்னும். இன்னொரு கூட்டம், “45 நிமிடம் தாண்டினால் உடம்பு தன் தசையைத் தானே தின்ன ஆரம்பித்துவிடும்” என்று பயமுறுத்தும். இரண்டையும் நம்ப வேண்டாம்.

தசைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாரம் மட்டுமே. வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு சிரமப்பட்டு அந்தத் தசை வேலை செய்தது என்பதுதான் கணக்கு. ஒரு தசைப் பகுதிக்கு வாரத்தில் சுமார் 10 செட் நல்ல முறையில் செய்தால் போதும், தசை நன்றாக வளரும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதில் பாதி செய்தாலே பலன் தெரியும். ஒரு செட் என்றால் நிறுத்தாமல் 8 முதல் 12 தடவை தூக்கி இறக்குவது. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும்; ஆனால் முதுகு வளையக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது.

இப்போது நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று செட். மொத்தம் 15 செட். ஒரு செட்டுக்கு 40 வினாடி. அதன் பிறகு 2 நிமிடம் ஓய்வு. இந்த ஓய்வு கண்டிப்பாக வேண்டும். மூச்சு வாங்க வாங்க அடுத்த செட்டைத் தூக்கினால் பாரமும் குறையும், காயமும் படும். ஆக ஒரு செட்டுக்கு 2 நிமிடம் 40 வினாடி வீதம் 15 செட்டுக்கு 40 நிமிடம். ஆரம்பத்தில் உடம்பைச் சூடாக்க 8 முதல் 10 நிமிடம். கூட்டினால் 50 நிமிடம். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

அப்படியானால் இரண்டு மணி நேரம் நிற்பவர் என்னதான் செய்கிறார்? போய்ப் பாருங்கள். ஒரு செட் தூக்குவார். கைத்தொலைபேசியைப் பார்ப்பார். கண்ணாடி முன்னால் நின்று படம் எடுப்பார். நண்பரோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார். ஜிம்மில் இருந்தது இரண்டு மணி நேரம், வேலை செய்தது அரை மணி நேரம். பிரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்த கதைதான்!

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்குச் சொல்வது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. இது ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சேர்த்துத்தான். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பாரம்?” என்று கேட்க வேண்டாம். வயதானபின் எலும்பு முறியாமலும் விழாமலும் இருக்க அந்தத் தசைப் பலம்தான் துணை.

வேலைக்குத் தகுந்த பயிற்சி

எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. நீங்கள் பகலில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

குலை வெட்டுகிற தோழருக்குக் காலை முதல் தலைக்கு மேல் கழி. 15 கிலோ, 20 கிலோ, அதற்கு மேலும் எடையுள்ள குலைகளைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு மேடு பள்ளத்தில் தள்ளுகிறார். அவருடைய தோளும் முதுகும் பகலிலேயே களைத்துவிட்டன. மாலையில் போய் மறுபடியும் தோளுக்கே பாரம் கொடுத்தால் அது பலமாகாது, நோகும். இவருக்கு வாரத்தில் இரண்டு நாள், 30 முதல் 40 நிமிடம் போதும். வேலையில் அதிகம் சேராத இடங்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும்: தொடை, இடுப்பு, வயிறு. ஒரே பக்கமாகவே உழைப்பவர் மற்றப் பக்கத்துக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் தோளையும் முதுகையும் நீட்டி மடக்கித் தளர்த்துவது இன்னும் நல்லது.

பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்திருக்கிறார். இவருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஜிம் என்பது தூக்கத்தைத் திருடும் வேலை. மத்தியானம் கொஞ்சம் ஓய்வெடுத்து, நாலு, ஐந்து மணிக்குச் செய்து முடித்துவிடலாம்.

காவலாளி வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இவர்களுக்கு நிலைமை வேறு. இவர்களுக்குத்தான் வாரத்துக்கு மூன்று நாள் பாரப் பயிற்சியும், மற்ற நாள்களில் அரை மணி நேரம் வேக நடையும் கட்டாயம் வேண்டும்.

ஜிம்முக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுதல், தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் போத்தலை இரண்டு கையிலும் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குதல், 10 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தி எழுதல். இந்த ஐந்தையும் மும்மூன்று செட் செய்து பாருங்கள். மறுநாள் படியேறும்போது தெரியும்!

ஒரு எச்சரிக்கை. புதிதாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அடுத்தவன் தூக்குவதைப் பார்த்து ரோஷத்தில் அளவு மீறித் தூக்கக் கூடாது. தாங்க முடியாத அளவுக்குத் தசையை வேலை வாங்கினால் அது சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். நம் ஊர் வெயிலில், தண்ணீர் குடிக்காமல் செய்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பயிற்சிக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் வரக்கோப்பி நிறத்தில் போனால் வீட்டில் தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் இரண்டு வாரம் பாதிப் பாரம், பாதி செட். இதுவே புத்திசாலித்தனம்.

தூக்கத்தையும் மறக்கக் கூடாது. தசை ஜிம்மில் வளர்வதில்லை. ஜிம்மில் களைக்கிறது, வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் சீராகி வளர்கிறது. ஐந்து மணி நேரம் தூங்குகிற பிள்ளை பயிற்சியில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து அதைத் தூக்கத்தில் சேர்த்தால், எந்தப் பவுடரும் கொடுக்காத பலனைக் காண்பான்.

புரதம் எவ்வளவு வேண்டும்?

சரி, சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் குறைந்தபட்சத் தேவை. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். பாரம் தூக்கித் தசை வளர்க்க நினைப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு. அதாவது 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். அதற்கு மேலே அள்ளி அள்ளிப் போட்டாலும் தசை அதற்கு ஏற்றபடி வளர்வதில்லை. 2018இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது இதுதான்.

இந்த 96 கிராம் நம் வீட்டுச் சாப்பாட்டில் கிடைக்குமா? பார்ப்போம்.

காலைப் பசியாற இரண்டு முட்டை: 12 கிராம். மத்தியானம் உள்ளங்கை அளவு கோழி இறைச்சி, சமைத்தபின் 100 கிராம்: 28 கிராம் அளவில். அதோடு ஒரு பெரிய கரண்டி கெட்டிப் பருப்பு: 8 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 7 கிராம். இரவு தெம்பே 100 கிராம் பிரட்டல்: 19 கிராம், தெம்பே வேண்டாம் என்றால் டின் மத்தி மீன் 100 கிராம், அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். படுக்குமுன் ஒரு கிளாஸ் பால்: 8 கிராம். சோறு, தோசை, ரொட்டி எல்லாவற்றிலும் இருந்து சேர்வது 12 கிராம் இருக்கும். கூட்டுங்கள்: 94 கிராம். டப்பாவைத் திறக்காமலே காரியம் ஆகிவிட்டது!

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பலர் இப்படிச் சாப்பிடுவதில்லை. காலையில் ரொட்டி சானாயும் கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக்கும், மத்தியானம் மலை போலச் சோறும் கொஞ்சம் குழம்பும், இரவில் மீ கோரெங். வயிறு நிறையும், சர்க்கரை ஏறும், புரதம் சேராது. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. அந்த நோய் அதிகமாகப் பிடித்திருப்பது நம் இந்தியர்களைத்தான். ஆகவே தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் மீனையும் முட்டையையும் கூட்டுவது தேகக்கட்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கே நல்லது.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பதும் பவுடர் விற்பவர்களுக்கு வசதியான பேச்சு. நாள் முழுவதும் சேரும் மொத்தப் புரதம்தான் முக்கியம். மூன்று வேளையும் 20 முதல் 30 கிராம் வீதம் பிரித்துச் சாப்பிட்டால் போதும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அம்மா போட்ட சாப்பாட்டை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்.

டப்பாவுக்குள் என்ன?

பவுடர் என்பது மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. நம் வீட்டில் பால் திரிந்து போனால் கட்டி ஒரு பக்கமும் தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரியும் அல்லவா? வெளிநாடுகளில் பாற்கட்டி செய்யும் தொழிற்சாலைகளில் இப்படி மிஞ்சும் தண்ணீரை ஒரு காலத்தில் பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றில் விட்டார்கள். பிறகு அதை வடிகட்டிக் காயவைத்துப் பவுடராக்கினார்கள். அதுதான் ‘வே புரோட்டீன்’. நல்ல தரமான புரதம், சந்தேகமில்லை. ஆனால் அடிப்படையில் அது பால்தான்.

கடையில் இருக்கும் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘கான்சென்ட்ரேட்’ என்றால் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை புரதம், விலை குறைவு, பால் சர்க்கரை கொஞ்சம் இருக்கும். ‘ஐசோலேட்’ என்றால் 90 பங்கு அளவில் புரதம், பால் சர்க்கரை மிகக் குறைவு, விலை அதிகம். பால் குடித்தால் வயிறு ஊதி, பேதியாகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஐசோலேட்டோ சோயாப் பவுடரோ ஒத்துக்கொள்ளும். மற்றவர்கள் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை.

‘மாஸ் கெய்னர்’ என்று மிகப் பெரிய டப்பாவில் வருவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்துத் தூள். சில வகைகளில் ஒரு வேளைக்கு 1,000 கலோரிக்கு மேல் வருகிறது. எடை ஏறும், வயிறும் ஏறும். இனிப்பு நீர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

‘கொலாஜன்’ தோல், எலும்பிலிருந்து எடுப்பது. உடம்புக்கு வேண்டிய புரதக்கூறுகளில் ஒன்று அதில் அடியோடு இல்லை. தசை வளர்க்க அது ஏற்றதல்ல. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் அதைத் தயாரிக்கிறார்கள். மாட்டிறைச்சிப் புரதம் என்றே தனிப் பவுடரும் விற்பனைக்கு வருகிறது. மாட்டிறைச்சி தொடாத குடும்பங்கள் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

விலைக் கணக்கு

டப்பாவின் விலையைப் பார்க்காதீர்கள். புரதத்தின் விலையைப் பாருங்கள். ஒரு டப்பா 180 வெள்ளி, அதில் 30 வேளை, ஒரு வேளைக்கு 24 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 6 வெள்ளி. ஒரு முட்டை 50 காசு என்றால், அதே 24 கிராமுக்கு நாலு முட்டை, 2 வெள்ளி. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பருப்பும் தெம்பேயும் இன்னும் மலிவாகவே வரும்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரர் மாதம் 180 வெள்ளியை டப்பாவில் போட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தங்கையின் பள்ளிச் செலவும் அம்மாவின் மருந்தும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதை மறக்கலாமா?

பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவு ஷிப்ட் வேலையில் சமைத்துச் சாப்பிட நேரமில்லாதவர், தைப்பூச விரத நாள்களில் சைவமாக இருந்துகொண்டு பயிற்சியும் செய்பவர், இவர்களுக்கு ஒரு வேளை பவுடர் கைகொடுக்கும். சோற்றுக்குத் துணையாக இருக்கட்டும். சோற்றின் இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஐந்து சோதனை

ஒன்று: கரண்டிக் கணக்கு. ஒரு கரண்டி எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று டப்பாவின் பின்புறம் போட்டிருக்கும். 30 கிராம் கரண்டியில் 24 கிராம் புரதம் என்றால் நல்ல சாமான். 12 கிராம்தான் என்றால் பாதிக்கு மேல் வேறு சரக்கு. அதற்கா இந்த விலை?

இரண்டு: சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் பெயரே ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ அல்லது சர்க்கரை என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ‘கிளைசின்’, ‘டாரின்’ போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் உஷார். புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை, உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மலிவான நைட்ரஜன் சரக்கைக் கலந்துவிட்டால் புரதம் கூடுதலாகக் காட்டும். 2008இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமின் கலந்தது இந்த வழியில்தான். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

மூன்று: முகவரி. வெளிநாட்டுப் பவுடர் என்றால் இந்நாட்டு இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். காலாவதித் தேதி தெளிவாக இருக்க வேண்டும். ஜிம்மில் பிளாஸ்டிக் பையில் பிரித்து நிறுத்து விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

நான்கு: வெளியார் சோதனை முத்திரை. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் பயனீட்டாளர் அமைப்பு 23 புரதப் பவுடர், பானங்களைச் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானவற்றில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் வைத்த அளவைவிட ஈயம் அதிகமாக இருந்தது. செடி வகைப் புரதத்தில் அது மிக அதிகம், பால் வகையில் குறைவு. ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’, ‘என்.எஸ்.எஃப்.’ போன்ற முத்திரை உள்ளவை தனியாகச் சோதிக்கப்பட்டவை. முத்திரை இருந்தாலும் தினம் இரண்டு மூன்று வேளை குடிப்பது நல்லதல்ல.

ஐந்து: பேச்சு. “ஒரு மாதத்தில் பத்து கிலோ தசை”, “சர்க்கரை நோய் தீரும்” என்று டப்பா சொன்னால் அந்த டப்பா பொய் சொல்கிறது. அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

பெயரில்லாத மாத்திரைகள்

பவுடரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பவுடர் குடித்தும் உடம்பு ஏறவில்லை என்று ஏங்குகிற பிள்ளையிடம், “இதைப் போடு மச்சான், ஒரே மாசம்” என்று பெயரில்லாத மாத்திரையையோ ஊசியையோ நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எடை கூட்டும் நாட்டு மருந்து என்று இணையத்தில் விற்பதும் உண்டு. இப்படிப்பட்ட சரக்குகளில் ‘டெக்ஸாமெத்தசோன்’ என்னும் ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் பசி எடுக்கும், முகம் உப்பும், எடை ஏறும். பார்ப்பவர்கள் “உடம்பு வச்சிட்டான்” என்பார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப் போகும், தசை மெலியும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தாமல், மருந்தோடு டாக்டரிடம் போக வேண்டும். தசை ஊசிகளோ இதயத்தைக் கெடுக்கும், விரையைச் சுருக்கும், பிள்ளைப் பேற்றையே பாதிக்கும்.

பதிவு செய்த மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். உணவாக விற்கும் சாதாரணப் புரதப் பவுடருக்கு அந்த எண் இருக்காது. மாத்திரைக்கு எண் இல்லையென்றால் தொடாதீர்கள்.

யார் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்?

சிறுநீரகம் நல்லபடியாக இருப்பவருக்கு அளவான புரதம் கெடுதல் செய்யாது. ஆனால் நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். சிறுநீரகம் கெடுவது ஆரம்பத்தில் வலிக்காது, தெரியாது. ஆகவே இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பவுடர் தொடுமுன் கிளினிக்கில் கேட்க வேண்டும். சிறுநீரகம் பாதி கெட்டவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கூட்டச் சொல்வார்கள். நாமாக முடிவு செய்கிற காரியமில்லை இது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பவுடர் அவசியமில்லை. முட்டையும் பாலும் கொடுங்கள்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இரத்தம், சிறுநீர் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 180 வெள்ளி டப்பாவுக்கு முன்னால் அந்த ஒரு வெள்ளியைச் செலவு செய்யுங்கள்.

அந்த வீட்டு அம்மாவிடம் தாத்தாவுக்குப் பவுடரை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். டப்பாவையும் தூக்கிக்கொண்டு தாத்தாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று அங்கே உணவு ஆலோசகர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் இப்போது குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மகனிடமும் பேசினேன். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், பத்து மணிக்குப் படுக்கை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். “டப்பா தீர்ற வரைக்கும் குடிக்கிறேன் அங்கிள், காசு போட்டு வாங்கியாச்சே” என்றார். குடிக்கட்டும், அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று சோதித்தாயிற்று.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஒரு டப்பா இருந்தால், இன்றைக்கே எடுத்துப் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். வீட்டில் யார் யார் அதைக் குடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.